சாந்தி கழித்த ஊர்கள்

கோயிலில் ஓதப்படும் மந்திரத்துக்கு என்ன பொருள் என்று கேட்கத் துணிந்தவர்கள் நாம். புரியாத மொழியில் எதையோ சொல்லிவிட்டுத் தட்சணையும் வாங்கிக்கொண்டு போகிறவரை மடக்கிக் கேள்வி கேட்பதைப் பகுத்தறிவு என்று பெருமையாகச் சொல்கிறோம். சரி. ராணுவத் தலைமையகத்தின் மேடையில் நின்று ஓர் அதிகாரி ஓதும் மந்திரத்துக்குப் பொருள் கேட்டிருக்கிறோமா? அங்கேயும் மொழி புரிவதில்லை. அங்கேயும் தட்சணை நம்முடையது, வரியாகப் போகிறது. பலியும் கேட்கிறார்கள். ஆனாலும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம்.

அந்த மந்திரங்களில் மூத்தது 'பசிஃபிகேஷன்'. தமிழில் 'அமைதிப்படுத்தல்' என்று எழுதுகிறோம். கலகம் எழுந்த பகுதியைப் படைபலத்தால் அடக்கி, மறுபடியும் ஆட்சியின் பிடிக்குள் கொண்டுவருவது என்பதுதான் படைத்துறையில் அதன் பொருள். அடக்கப்படுகிறவர் யார், அவர் ஏன் கலகம் செய்தார், அந்த ஆட்சிக்கு அங்கே என்ன உரிமை என்ற கேள்விகளுக்கு அந்தச் சொல்லில் இடமே கிடையாது.

கிரகம் சரியில்லை என்று சாந்தி கழிக்கும் வீட்டில் சேவல் ஒன்று அறுபடும். வீட்டுக்காரருக்கு நிம்மதி வந்துவிடும். சேவலுக்கு என்ன வந்தது என்று யாரும் கேட்பதில்லை. ராணுவம் செய்கிற அமைதிப்படுத்தலும் இதே கணக்குதான். அமைதி ஒருவருக்கு, அறுப்பு இன்னொருவருக்கு.

இந்தச் சொல்லை ஆண்டவர்கள் வெட்கப்பட்டு மறைத்து வைத்ததில்லை, நூல் தலைப்பாகவே போட்டுக்கொண்டார்கள். மடகாஸ்கரைப் பிரான்சுக்கு அடிமைப்படுத்திய தளபதி கல்லியேனி, 1900இல் 'மடகாஸ்கரின் அமைதிப்படுத்தல்' என்றே நூல் வெளியிட்டார். 1885இல் மண்டலே பிரிட்டிஷார் கையில் விழுந்த பிறகு மேல் பர்மாவில் எதிர்ப்பு ஆண்டுக்கணக்கில் நீடித்தது. அதை அடக்கிய தலைமை ஆணையர் சார்லஸ் கிராஸ்த்வெய்ட், 1912இல் 'பர்மாவின் அமைதிப்படுத்தல்' என்று எழுதினார். தன் நாட்டுக்காகப் போராடிய பர்மியனுக்கு அன்றைய ஆவணங்களில் என்ன பெயர் தெரியுமா? கொள்ளைக்காரன். அவனுக்குச் சோறு போட்ட ஊர் முழுவதற்கும் தண்டனை விதிக்கவும், ஊரையே இடம் பெயர்க்கவும் 1887இல் சட்டம் வந்தது. பின்னாளில் அதே பர்மாவில் போலீஸ் அதிகாரியாக இருந்த ஜார்ஜ் ஆர்வெல், 1946இல் எழுதிய ஒரு கட்டுரையில், அரசியல் மொழியின் பித்தலாட்டத்துக்கு இந்தச் சொல்லையே சாட்சிக் கூண்டில் ஏற்றினார்.

1940இல் போலந்தை ஆண்ட நாஜிகளுக்கும் இதே சொல்தான் கைகொடுத்தது. ஆசிரியர்கள், வழக்கறிஞர்கள், அரசியல் தலைவர்கள் என்று அந்த நாட்டின் படித்த வர்க்கத்தைத் தேடித் தேடிச் சுட்ட திட்டத்துக்கு அவர்கள் இட்ட பெயர் 'அசாதாரண அமைதிப்படுத்தல் நடவடிக்கை'. 1932 ஒலிம்பிக்கில் பத்தாயிரம் மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற யானுஷ் குசோசின்ஸ்கி, வார்சாவுக்கு அருகே பால்மிரி காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டது அந்தத் திட்டத்தில்தான். இன்றும் போலந்துக்காரர் ஒருவரிடம் அந்தச் சொல்லைச் சொன்னால், அவருக்கு நினைவு வருவது எரிக்கப்பட்ட கிராமம்.

'நாஜியையும் ஜனநாயக நாடுகளையும் ஒரே தட்டில் வைக்கலாமா?' என்று கேட்பீர்கள். வைக்க வேண்டாம். ஜனநாயக நாடு ஒன்றையே தனியாக எடுத்துப் பார்ப்போம்.

1967 ஜனவரி 8. சைகோனுக்கு வடமேற்கே, ஆற்று வளைவில் இருந்த பென் சுக் என்ற வியட்நாம் கிராமம். சுமார் 3,500 பேர் வாழ்ந்த வளமான ஊர். அந்தக் காலையில் ஹெலிகாப்டர்கள் கூட்டமாக வந்து அமெரிக்கப் படையை இறக்கின. ஓடினால் சுடுவோம், இருக்கும் இடத்திலேயே இருங்கள் என்று வானிலிருந்து ஒலிபெருக்கி அறிவித்தது. ஆண்களில் சந்தேகப்பட்டவர்களைத் தனியே பிரித்தார்கள். பெண்களையும் குழந்தைகளையும் கிழவர்களையும் தூக்க முடிந்த சாமான்களோடு லாரிகளில் ஏற்றி, ஃபூ லோய் என்ற இடத்தில் முள்கம்பி வேலிக்குள் இறக்கினார்கள். பிறகு வீடுகளுக்குப் பெட்ரோல் ஊற்றித் தீ வைத்தார்கள். எரிந்து மிஞ்சியதைப் புல்டோசர் இடித்தது. இடித்துத் தரைமட்டமான இடத்தின்மேல் விமானங்கள் வந்து குண்டும் போட்டன. ஊர் இருந்த தடமே தெரியக் கூடாது என்பது உத்தரவு.

இதையெல்லாம் கூடவே இருந்து பார்த்து எழுதியவர் ஜொனாதன் ஷெல் என்ற இளம் அமெரிக்க நிருபர். அவர் பதிவு செய்த ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். அந்த முகாமில் ஒரு பதாகை கட்டியிருந்தார்கள். கம்யூனிசத்திலிருந்து தப்பி ஓடி வந்த அகதிகளை அது வரவேற்றது. துப்பாக்கி முனையில் லாரியில் ஏற்றிக் கொண்டுவரப்பட்ட கிழவி, அந்தத் துணியின் கீழே நடந்து போகும்போதே 'தப்பி வந்தவள்' ஆகிவிட்டாள். வீட்டை எரித்தவனே விருந்தோம்புகிறவனாகவும் ஆகிவிட்டான். திருநீற்றுக்கும் இந்த மகிமை கிடையாது.

அதே 1967இல் அமெரிக்கா இன்னொரு வேலையும் செய்தது. அமைதியைக் கம்ப்யூட்டரில் ஏற்றியது. தென் வியட்நாமில் இருந்த பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குக்கிராமங்களுக்கும் மாதாமாதம் மதிப்பெண். மாவட்டங்களில் இருந்த அமெரிக்க ஆலோசகர்கள் 18 கேள்விகள் கொண்ட தாளை நிரப்பி அனுப்புவார்கள். ஏ என்றால் அரசின் முழுப் பிடியில் இருக்கும் கிராமம், இ என்றால் மோசம். முற்றிலும் எதிரியின் கையில் இருந்தால் வி. ஏ, பி, சி மூன்றும் பாதுகாப்பானவை என்று கணக்கு. 1967 முடியும்போது மக்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பாதுகாப்பாக இருப்பதாகக் கம்ப்யூட்டர் சொன்னது. அடுத்த மாதமே, 1968 ஜனவரி இறுதியில், டெட் பண்டிகை நாளில் சைகோன் உட்பட நாடு முழுக்க நகரங்களில் எதிரியின் துப்பாக்கி வெடித்தது. பின்னர் மதிப்பெண்கள் மறுபடி ஏறின. ஆனாலும் 1975 ஏப்ரல் 30 அன்று சைகோனே விழுந்தது.

அந்தத் தாளில் கேட்கப்படாத கேள்வி ஒன்று உண்டு. 'இந்த ஆட்சியை நீ விரும்புகிறாயா?' விடை தெரிந்தவர்கள்தான் கேள்வியைத் தவிர்ப்பார்கள். பரிசோதனைக்கு உட்படாத நம்பிக்கையை மூடநம்பிக்கை என்கிறோம். எண்களால் அலங்கரித்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, மேல்நாட்டுப் பட்டதாரிகள் கையால் பூசை நடந்தாலும் அது மூடநம்பிக்கைதான்.

இந்தச் சொல் வெறும் நாசூக்குக்காகப் பயன்படுகிறது என்று நினைத்தால் அதன் சாமர்த்தியத்தைக் குறைத்து எடை போடுகிறோம். அதற்குச் சட்ட வேலை ஒன்று இருக்கிறது. போர் என்று ஒப்புக்கொண்டால் போர் விதிகள் வந்து நிற்கும், பிடிபட்டவனைப் போர்க்கைதியாக நடத்து என்று யாராவது கேட்பார்கள். குற்றம் என்று சொன்னால் நீதிமன்றம் வந்து நிற்கும், சாட்சி எங்கே, வாரண்ட் எங்கே என்று நீதிபதி கேட்பார். அமைதிப்படுத்தல் என்றால் இரண்டும் இல்லை. போருக்கான ஆயுதம் இருக்கும், போருக்கான விதி இருக்காது. போலீசுக்கான பெயர் இருக்கும், போலீசுக்கான பொறுப்பு இருக்காது.

பிரான்ஸ் இதை ஒரு கலையாகவே வளர்த்தது. 1954இலிருந்து 1962 வரை அல்ஜீரியாவில் பிரெஞ்சு ராணுவம் நடத்தியதை அரசு 'ஒழுங்கு காக்கும் நடவடிக்கை' என்றது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்து மக்கள் ஊரை விட்டுப் பெயர்க்கப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அதற்குப் பெயர் மறுகுடியமர்த்தல். போர் என்ற சொல்லைச் சட்டத்தில் ஏற்றுக்கொள்ள பிரெஞ்சு நாடாளுமன்றம் 1999 அக்டோபர் வரை காத்திருந்தது. இந்தப் பொய் அல்ஜீரியரை மட்டும் பாதிக்கவில்லை. அங்கே கட்டாயமாக அனுப்பப்பட்ட பிரெஞ்சு இளைஞர்களுக்கு முன்னாள் போர்வீரர் என்ற அங்கீகாரம் கிடைக்க 1974 ஆயிற்று. போரே நடக்காத இடத்தில் போர்வீரன் எப்படி இருக்க முடியும்? பொய் சொன்ன அரசு, தன் பிள்ளைகளையும் அந்தப் பொய்க்குப் பலி கொடுத்தது.

மலாயாவில் இதே வேலையைப் பிரிட்டன் 'அவசரநிலை' என்று செய்தது. போர் என்று சொன்னால் தோட்ட முதலாளிகளின் காப்பீட்டுக்குச் சிக்கல் என்பது அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. 1948 டிசம்பரில் பத்தாங் காலி ரப்பர் தோட்டத்தில் ஆயுதமில்லாத 24 பேரைப் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டுக் கொன்றபோது, தப்பி ஓட முயன்றார்கள் என்று அறிக்கை வந்தது. அடுத்த ஆண்டு மே மாதம், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து போன தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதியைத் தூக்கிலிட்டார்கள். நேரு அரசு கேட்டுக்கொண்டும் பயனில்லை. சுமார் ஐந்து லட்சம் பேர் வேலியிட்ட 'புதிய கிராமங்களுக்கு' மாற்றப்பட்டார்கள். ராணுவப் பாடநூல்கள் இன்றுவரை மலாயாவை வெற்றிக்கு உதாரணமாகக் காட்டுகின்றன. 1957இல் மலாயாவுக்கு விடுதலை கொடுத்து, கலகக்காரர்களின் கையிலிருந்த முக்கியக் காரணத்தையே பிடுங்கியதுதான் அந்த வெற்றியில் பெரும்பங்கு என்பதை அவை சின்ன எழுத்தில் போடுகின்றன.

வெள்ளைக்காரன் அப்படித்தான் என்று நாற்காலியில் சாய்ந்துகொள்ள வேண்டாம். அவனுடைய பாடநூல் நம் அலமாரியிலும் இருக்கிறது.

1942இல் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தை நசுக்க வைஸ்ராய் லின்லித்கோ ஆயுதப்படைகளுக்குச் சிறப்பு அதிகாரம் தரும் அவசரச் சட்டம் ஒன்றைப் பிறப்பித்தார். அதன் தேதி ஆகஸ்ட் 15. சுதந்திர இந்தியா அந்த வார்ப்பிலேயே 1958இல் ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டத்தை ஊற்றி எடுத்தது. ஒரு பகுதியைக் 'கலவரப் பகுதி' என்று அறிவித்துவிட்டால், உயிர் போகும் அளவுக்குச் சுடவும் படைவீரருக்கு அதிகாரம் உண்டு. அவர்மீது வழக்குத் தொடுக்க வேண்டுமானால் மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும்.

1959இல் மிசோ மலைகளில் மூங்கில் பூத்து, எலிகள் பெருகி, விளைச்சலைத் தின்று தீர்த்தன. பஞ்சத்தில் கைவிடப்பட்ட கோபத்திலிருந்துதான் மிசோ தேசிய முன்னணி பிறந்தது. 1966 மார்ச்சில் அவர்கள் ஆயுதம் ஏந்தினார்கள். இந்திய விமானப்படை அய்சால் நகரத்தின் மீது குண்டு போட்டது, அதாவது தன் குடிமக்கள் மீதே. அடுத்த ஆண்டு மலாயாவின் பாடம் வந்து சேர்ந்தது. மக்கள் தங்கள் ஊர்களிலிருந்து பெயர்க்கப்பட்டு, ராணுவக் காவலில் வேலியிட்ட குடியிருப்புகளில் வைக்கப்பட்டார்கள். விட்டுவந்த வீடுகளும் தானியமும் கொளுத்தப்பட்டன. அந்தக் குடியிருப்புகளின் அரசுப் பெயரைக் கவனியுங்கள்: 'பாதுகாக்கப்பட்ட, முன்னேற்றக் கிராமங்கள்'. இருபது ஆண்டுகள் போயின. 1986 ஜூன் 30 அன்று உட்கார்ந்து பேசிக் கையெழுத்திட்டார்கள். கலகத் தலைவர் லால்டெங்காவே முதலமைச்சர் ஆனார். மிசோரம் அன்றிலிருந்து இந்தியாவின் அமைதியான மாநிலங்களில் ஒன்று. ராணுவ நெருக்கடி இல்லாமல் அவர் பேச வந்திருப்பாரா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் குடியிருப்புகளில் வளர்ந்த ஒரு தலைமுறையின் கசப்பு இல்லாவிட்டால் அந்தப் பேச்சு எத்தனை ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கும் என்றும் அவர்கள் கேட்டுப் பார்க்கட்டும்.

சத்தீஸ்கரில் 2005இல் மாவோயிஸ்டுகளை ஒடுக்குவதாகச் சொல்லிப் பழங்குடி இளைஞர்களின் கையில் ஆயுதத்தைக் கொடுத்துப் பழங்குடி ஊர்களின் மீதே ஏவினார்கள். 'சல்வா ஜுடூம்'. கோண்டி மொழியில் அதற்குச் சுத்திகரிப்பு வேட்டை என்று பொருள் என அந்த மக்களுடன் பழகியவர்கள் எழுதினார்கள். அரசுத் தரப்பு அதை 'அமைதி இயக்கம்' என்று வெளியே சொன்னது. 2011இல் உச்ச நீதிமன்றம் அந்த ஏற்பாடு அரசமைப்புக்கே விரோதமானது என்று தீர்ப்பளித்தது.

ஈழத்துக்குப் போன படையின் பெயரையும் தமிழர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இந்திய அமைதி காக்கும் படை. 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணம் பொது மருத்துவமனைக்குள் அந்தப் படை நுழைந்து சுட்டதில் நோயாளிகள், டாக்டர்கள், நர்சுகள், ஊழியர்கள் என்று அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததாகப் பதிவுகள் சொல்கின்றன. உள்ளே இருந்து விடுதலைப் புலிகள் சுட்டார்கள் என்பது படைத் தரப்பின் விளக்கம். படுக்கையில் கிடந்தவருக்கு அந்த விளக்கத்தால் என்ன பயன்? இலங்கை அரசோ 2009இல் முடிந்த போருக்கு 'மனிதாபிமான நடவடிக்கை' என்று பெயரிட்டது. அதில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011இல் சொன்னது.

இதுவரை படித்துத் தலையாட்டியவர்களுக்கு இப்போது கசப்பான மருந்து. கலகக்காரர்களிடமும் மந்திரம் உண்டு. 'துரோகி' என்று ஒரு சொல், 'களையெடுப்பு' என்று ஒரு சொல். 1986இல் சக தமிழ் இயக்கமான டெலோவின் இளைஞர்களை விடுதலைப் புலிகள் தெருவில் சுட்டு வீழ்த்தியபோதும், 1990 அக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் ஊரைவிட்டே துரத்தியபோதும், கேள்வி கேட்டவன் வாயை அடைக்க அந்தச் சொற்களே போதுமானவையாக இருந்தன. மனிதனைக் களை என்று சொல்லப் பழகிய வாய்க்கும், ஊரை எரித்ததை அமைதி என்று சொல்லப் பழகிய வாய்க்கும் என்ன வேறுபாடு? ஒன்று கொடி கட்டிய மேடையில் பேசுகிறது, மற்றொன்று காட்டுக்குள் பேசுகிறது. எதிரியின் மந்திரத்தை மட்டும் உடைப்பவன் பகுத்தறிவுவாதி ஆக மாட்டான். அவன் வேறு கோயில் பக்தன், அவ்வளவுதான்.

அப்படியானால் ஆயுதக் குழு ஒன்று காவல் நிலையத்தைத் தாக்கும்போது அரசு கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா? நியாயமான கேள்வி. நிற்க வேண்டாம். குடிமக்களைக் காக்க அரசு பலத்தைப் பயன்படுத்த வேண்டிய வேளைகள் வரும். ஆனால் செய்ததைச் செய்ததாகச் சொல்ல வேண்டும். சுட்டோம் என்றால் சுட்டோம் என்று எழுது. இத்தனை பேர் இறந்தார்கள், அவர்கள் பெயர்கள் இவை, உத்தரவிட்டவர் இவர் என்று எழுது. அதை ஒரு நீதிபதி படிக்கட்டும். தன் செயலைத் தன் பெயரிலேயே சொல்ல முடியாத அரசுக்கு, அந்தச் செயல் தவறென்று முன்பே தெரியும். கூச்சமில்லாதவன் எதற்குத் திரை போடுகிறான்?

கென்யாவில் நடந்த ஒன்றைச் சொன்னால் இது விளங்கும். மாவ் மாவ் கலகத்தின்போது பிடித்த ஆட்களைப் பிரிட்டன் 'மறுவாழ்வு' முகாம்களில் வைத்திருந்தது. 1959 மார்ச் 3 அன்று ஹோலா முகாமில் வேலை செய்ய மறுத்த கைதிகளைக் காவலர்கள் தடியால் அடித்ததில் 11 பேர் இறந்தார்கள். தண்ணீர் வண்டியிலிருந்து நீர் குடித்த பிறகு இறந்தார்கள் என்றது அரசின் முதல் அறிக்கை. பிணங்களைப் பார்த்த மருத்துவர்கள் வேறு சொன்னார்கள். லண்டன் நாடாளுமன்றத்தில் இதைக் கடுமையாகக் கண்டித்தவர்களில் ஒருவர் ஈனாக் பவல். பிற்காலத்தில் கறுப்பின மக்களின் குடியேற்றத்துக்கு எதிராகப் பேசிப் பேர் கெட்டவர் அவர். அவரே, ஆப்பிரிக்காவுக்கு ஒரு நீதி, நமக்கு ஒரு நீதி என்று வைத்துக்கொள்ள முடியாது என்று வாதாடினார். ஒருவரை நேசித்தால்தான் அவருக்கு நியாயம் கேட்க முடியும் என்பதில்லை. மூளை நேராக இருந்தால் போதும். 2013இல் பிரிட்டிஷ் அரசு 5,228 கென்யர்களுக்கு 1 கோடியே 99 லட்சம் பவுண்டு கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டது. அதற்குள் அடிபட்டவர்களில் பெரும்பாலோர் செத்துப்போயிருந்தார்கள்.

அடுத்த முறை செய்தியில் 'அப்பகுதியில் இயல்புநிலை திரும்பியது' என்று படிக்கும்போது கண்ணை அடுத்த பத்திக்கு ஓட்டாதீர்கள். யார் சொன்னது, அந்த ஊர்க்காரர் யாராவது சொன்னாரா என்று பாருங்கள். நடந்தது என்ன என்று வினைச்சொல்லில் கேளுங்கள்: சுட்டார்களா, எரித்தார்களா, அடைத்தார்களா? அதே செயலை உங்கள் தெருவில், உங்கள் வீட்டுக் கதவைத் தட்டிச் செய்தால் அதே பெயரால் அழைப்பீர்களா என்று உங்களையே கேளுங்கள். அழைக்க மாட்டீர்கள் என்றால், அந்தச் சொல் பொய். பொய்யென்று தெரிந்த பிறகும் அதைத் திருப்பிச் சொல்கிறவர் அதற்கு உடந்தை.